எட்டுக்கு நாலு பலகையும் எங்க மேசையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. மரம் அறுக்கிற மெஷின் பிடிச்சுத்தான் பழக்கம். "உங்க குழு எப்படி முன்னேறுச்சுன்னு பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. முன்னேற்றம்னு பொத்தாம்பொதுவா பேச எனக்கு வராது. எங்க பட்டறையில ஒரு மேசை இருக்கு. அதைப் பத்தி வேணும்னா பேசுறேன்னு சொன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க. அதனால இன்னைக்கு மேசைதான்.

எங்க குழு காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். மொத்தம் 12 பேர். அதுல மர வேலை செய்யறது அஞ்சு பேர். எங்க ஊர் பெரிய ஆசாரிகிட்ட வேலை கத்துக்கிட்டோம். அவர் பிள்ளைங்க யாரும் தொழிலுக்கு வரலை. உளியும் இழைப்புளியும் சும்மா கிடக்கேன்னு அவர் வருத்தப்பட்ட நேரத்துல நாங்க போய் நின்னோம். முதல்ல மணைப்பலகை, சாமி மாடம், பிள்ளைங்க எழுதற சாய்வு மேசைன்னு சின்னச் சின்னதா செஞ்சோம். அப்புறம் வங்கிக் கடன்ல மெஷின் வாங்கி, பிளைவுட் வேலைக்கு வந்தோம். சமையலறை அலமாரி, துணி அலமாரி, கடை அடுக்கு. அங்கதான் பிரச்சினை ஆரம்பிச்சது.

பிளைவுட் பார்த்திருப்பீங்க. எட்டடி நீளம், நாலடி அகலம். மில்லிக் கணக்குல 2440-க்கு 1220. கடையில எல்லாரும் "எட்டுக்கு நாலு"ன்னுதான் கேப்பாங்க. முக்கால் அங்குலக் கனத்துல ஒரு ஷீட் 30 கிலோவுக்கு மேல இருக்கும். நெல்லு மூட்டை இதை விடக் கனம், அதையே தூக்கியிருக்கோம்னு நீங்க சொல்லலாம். மூட்டையைக் கட்டிப் பிடிக்கலாம், இடுப்புல அணைக்கலாம். இந்த ஷீட்டைக் கையை விரிச்சாலும் அணைக்க முடியாது. அஞ்சடிப் பொம்பளைக்கு ஒரு ஓரம் பிடிச்சா இன்னொரு ஓரம் எட்டாது. காத்து அடிச்சா பாய் மரம் மாதிரி ஆளையே இழுத்துட்டுப் போகும்.

நாங்க எப்படி அறுத்தோம் தெரியுமா? தரையில நாலு செங்கல் வெச்சு, அது மேல ஷீட்டைப் போட்டு, ஒருத்தி ஓரத்துல ஏறி உட்கார்ந்துக்குவா, இன்னொருத்தி முட்டி போட்டு மெஷினைத் தள்ளிக்கிட்டே தவழ்ந்து போவா. எட்டடியும் முட்டியிலயே. சாயங்காலம் எழுந்திரிச்சா இடுப்பு நிமிராது. மாதவிலக்கு நாள்ல அந்த வேலை எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

கஷ்டத்தைக் கூடத் தாங்கிக்கலாம். ஆபத்து எங்க இருந்துச்சுன்னா, பலகை ரெண்டு பக்கமும் செங்கல் மேல, நடுவுல காலி. பாதி அறுத்து முடிச்சதும் நடு தொய்யும். தொய்ஞ்சா அறுத்த வாய் மூடிக்கும். மூடினா ஓடுற பிளேடைப் பலகை கடிச்சுப் பிடிச்சுக்கும். பிளேடு நிக்காது, அதனால மெஷின் மொத்தமும் பின்னால துள்ளும். பின்னால யார் இருக்கா? அதைப் பிடிச்சிருக்கிற ஆள்தான்.

எங்க மதினிக்கு அப்படித்தான் ஆச்சு. எங்க அஞ்சு பேர்ல கை நேரா ஓடுறது அவங்களுக்குத்தான். கோடு போட்டா கோட்டு மேலேயே போவாங்க. ஒரு நாள் அலமாரிக் கதவுக்கு அறுக்கும்போது மெஷின் துள்ளி தொடையில விழுந்துருச்சு. ஒன்பது தையல். மேல சட்டையும் கீழ தடிச்ச பாவாடையும் இருந்ததால அதோட போச்சு. அண்ணன், "இனிமே அந்தப் பக்கம் போகாதே"ன்னுட்டார். அவர் சொன்னதைத் தப்புன்னு நான் சொல்லமாட்டேன்.

ஆனா கடன் அஞ்சு பேர் பேர்லயும் இருக்கே. மதினி நூறு நாள் வேலைக்குப் போய், கால் இழுத்து இழுத்து நடந்து, அந்தக் கூலியில அவங்க பங்கு தவணையைக் கட்டினாங்க. ஒரு மாசம் கூட விடலை. கூட்டத்துல பணத்தை வெச்சுட்டு, எங்க முகத்தைப் பார்க்காம போயிடுவாங்க. அந்த நாலஞ்சு மாசம் எனக்குச் சோறு சரியா இறங்கலை. அன்னைக்கு ஷீட் மேல ஏறி உட்கார்ந்திருந்தது நான்தான்.

அதே சமயத்துல இன்னொரு அடி. ஒரு கடைக்காரர் சாமான் அடுக்கக் கதவு போட்ட அலமாரி கேட்டார். செஞ்சு கொண்டு போனோம். கதவு ஒண்ணும் மூடலை. மேல ஒட்டுது, கீழ இடைவெளி தெரியுது. எங்க மூலைமட்டம் சரிதான், எங்க கோடும் சரிதான். தவழ்ந்துக்கிட்டே அறுத்ததுல எட்டடிக்கு ரெண்டு நூல் ஓடிப் போயிருக்கு. பலகை அத்தனையும் வீண். "பொம்பளைங்க வேலைன்னா இப்படித்தான்"னு அவர் சொன்னதை இங்க சொல்லிட்டு விட்டுடறேன்.

பெரிய ஆசாரிகிட்ட போய் அழுதேன். அவர் கேட்டார்: "மாவு பிசையறப்போ பாத்திரத்தைத் தரையில வெச்சு நீ தவழ்ந்துக்கிட்டா பிசையறே? பலகைக்கு ஒரு இடம் வேணும்லம்மா." அதோட வெத்தலை போட உட்கார்ந்துட்டார். அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு மேசை நினைப்பு வந்தது.

வருஷக் கடைசியில கூட்டம். மர வேலையில கையில நின்னது 26,000 ரூபாய். தீபாவளிக்குப் பங்கு பிரிக்கணும்னு எல்லாரும் காத்திருக்காங்க. நான் எழுந்து, இதுல மேசை செய்யணும்னேன். கொதிச்சிட்டாங்க. "மேசை சோறு போடுமா?"ன்னு அப்பத்தா கேட்டாங்க. மர வேலை செய்யாத ஏழு பேருக்கு அந்தக் கேள்வி நியாயம். அவங்க பேர்லயும் சுழல் நிதி இருக்கு, அவங்க வீட்டுப் பிள்ளைக்கும் துணி எடுக்கணும். நான் பொறுமையா பேசியிருக்கணும். கத்திட்டேன். இன்னொண்ணும் செஞ்சிருந்தேன். கூட்டத்துக்கு முந்தியே மரக்கடையில 2,000 ரூபாய் அட்வான்ஸ் குடுத்திருந்தேன், யாரையும் கேக்காம. பேச்சுவாக்குல அது வெளியில வந்துருச்சு.

ஊக்குநர் அக்கா நோட்டை மூடி வெச்சுட்டு, "முதல்ல இதுக்கு ஒரு தீர்மானம்"னாங்க. எனக்கு 100 ரூபாய் அபராதம். கட்டினேன். தீர்மான நோட்டுல இன்னைக்கும் இருக்கு, யாரும் பார்க்கலாம். அடுத்த வாரம் திரும்பக் கூடினோம். பாதிப் பணத்தைப் பிரிக்கிறது, பாதியில மேசை, மேல ஆகிற செலவை மர வேலை செய்யறவங்க கூலியில இருந்து கழிக்கிறதுன்னு முடிவாச்சு. அப்பத்தாவும் கைநாட்டு வெச்சாங்க. மதினி அன்னைக்குக் கூட்டத்துக்கு வரலை, பணத்தை மட்டும் மகன்கிட்ட குடுத்துவிட்டாங்க.

மரம் எங்க வாங்கினோம்னா, காரைக்குடியில பழைய வீடு இடிச்ச சாமான் விக்கிற கடைங்க உங்களுக்குத் தெரியும். பர்மா தேக்குத் தூணைத் தொட்டா நம்ம சேமிப்பு மொத்தமும் போயிடும். நாங்க ஓரத்துல கிடந்த வேங்கை உத்தரம் எடுத்தோம். காஞ்சு, முறுக்கு எல்லாம் முறுக்கி முடிச்ச மரம், இனி வளையாது. ஆனா பழைய மரத்துல ஆணி ஒளிஞ்சிருக்கும். காந்தத்தைக் கயித்துல கட்டி மேல ஓட்டிப் பார்த்து, 31 ஆணி பிடுங்கினோம். எண்ணினது என் மகள்.

முதல் தடவை செஞ்ச மேசை தப்பு. அதை மறைக்காம சொல்றேன், ஏன்னா உங்கள்ல யாராவது செஞ்சா அந்தத் தப்பைச் செய்யக்கூடாது. வெளியூர்ல ஒரு பட்டறையில பார்த்த அளவையே எடுத்துக்கிட்டோம். உயரம் 36 அங்குலம். மேல ரீப்பர் கட்டைங்களை வரிசையா வெச்சு ஆணி அடிச்சோம். பார்க்க அழகா இருந்துச்சு. பூசை போட்டோம். மூணாவது நாள் பிளேடு ஒரு ஆணியில பட்டுப் பொறி பறந்தது. பல்லு ரெண்டு தெறிச்சு எங்க போச்சுன்னே தெரியலை. கண்ணாடி போட்டிருந்தேன், பிழைச்சேன். பழைய ஆணியை எல்லாம் காந்தம் வெச்சுத் தேடின நாங்களே, புது ஆணியை எங்க கையால அடிச்சிருக்கோம்.

உயரமும் ஒத்து வரலை. மெஷினைத் தள்ளினா தோள் காதுக்கு வருது. பலம் கொடுக்க முடியலை. ஆம்பளைக்குச் செஞ்ச அளவு அது.

திரும்பப் பெரிய ஆசாரி வந்தார். எங்க அஞ்சு பேரையும் சுவத்தோரம் நிக்கச் சொன்னார். கையைத் தொங்க விடுங்கன்னார். மணிக்கட்டு எலும்பு எங்க வருதோ அங்க சாக்பீஸ்ல கோடு போட்டார். குட்டையானவளுக்கு 27½ அங்குலம், நெட்டையா இருக்கிற எனக்கு 30. மதினி வரலை. அவங்க உயரம் எனக்குத் தெரியும், என் காது வரைக்கும். அதையும் போடச் சொன்னேன். கடைசியில 29 அங்குலம்னு வெச்சோம். காலை ஏழு அங்குலம் வெட்டினோம். இப்போ மெஷின் மேல ஆளோட பாரமே லேசா இறங்குது, தோள் ஏறலை. நாலடி அகலத்துக்குக் குறுக்க எட்டிப் பிடிக்கவும் இந்த உயரம்தான் வசதி.

நீளம் ஒன்பது அடி, அகலம் நாலடி. பலகையை விட நீளம் ஒரு அடி கூட, மெஷினை வெச்சு ஆரம்பிக்கவும் முடிக்கவும் இடம் வேணும்ல. மேல மூடின பலகை கிடையாது. ரெண்டு பக்கச் சட்டத்துலயும் எட்டு அங்குலத்துக்கு ஒண்ணா காடி எடுத்து, அதுல 14 ரீப்பரை நிமிர்த்தி உட்கார வெச்சிருக்கோம். பெட்டி உடைச்ச பைன் கட்டை, மெத்து மரம். ஆணி, திருகு ஒண்ணு கிடையாது. சும்மா இறக்கினா உட்காரும், தூக்கினா வரும். பிளேடைப் பலகைக் கனத்துக்கு மேல ஒரே ஒரு நூல் மட்டும் இறக்கி வெச்சு அறுக்கிறோம். ரீப்பர் மேல ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். கீறல் நிறைஞ்சு போச்சுன்னா புரட்டிப் போடறது, அதுவும் போச்சுன்னா அடுப்புக்கு. முக்கியமான விஷயம், பலகை முழுக்க அறுபட்டு ரெண்டா ஆன பிறகும் ரெண்டு துண்டும் ரீப்பர் மேலயே படுத்திருக்கும். தொய்யாது. தொய்யாததால பிளேடைக் கடிக்காது. மெஷின் துள்ளறதுக்கு இருந்த காரணமே போச்சு.

சரி, 30 கிலோ ஷீட்டை மேசை மேல யார் ஏத்தறது? இதுலதான் எனக்குப் பெருமை. மேசையோட நீளப் பக்கத்துல, தரையில இருந்து கொஞ்சம் மேல ரெண்டு மரக் கொக்கி வெச்சோம். மேசை விளிம்புல இரும்புக் குழாய் மேல பிளாஸ்டிக் குழாயை மாட்டி உருளை மாதிரி விட்டோம். ஷீட்டை நிமிர்த்தி நடக்க வெச்சுக் கொண்டு வந்து கொக்கியில நிறுத்தினா உருளை மேல சாயும். கொக்கியை முதல்ல மூணு அங்குலத்துல வெச்சோம், ஷீட் கவிழவே மாட்டேங்குது. செங்கல் துண்டு வெச்சு வெச்சு உயர்த்திப் பார்த்தோம். ஆறு அங்குலம் வந்ததும் ஒரு விரலால தள்ளினா மேசைப் பக்கம் சாயுது! ஏன்னு கேட்டா, நாலடிப் பலகையோட நடு ரெண்டடியில இருக்கு. ஆறும் இருபத்து நாலும் முப்பது. மேசை 29. பாரத்தோட நடு விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலம் மேல நிக்குது. அதனால தானே கவிழும். அப்புறம் கீழ் ஓரத்தைத் தூக்கி உருளை மேல தள்ளினா போதும். ரெண்டு பேர் போதும். அவசரத்துக்கு நான் ஒருத்தியே ஏத்தியிருக்கேன். முன்னாடி லாரியில வந்த ஷீட்டை இறக்கி வைக்க எந்த ஆம்பளை வருவார்னு வாசலைப் பார்த்துக்கிட்டு நிப்போம்.

நேரா அறுக்க ஜன்னல் செய்யற கடையில ஒன்பதடி அலுமினியச் சதுரக் குழாய் வாங்கினோம். அதைப் பலகை மேல வெச்சு ரெண்டு முனையிலயும் கிளாம்ப் போட்டு இறுக்கிட்டா, மெஷினோட அடித்தட்டு அதை உரசிக்கிட்டே போகும். கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி குழாயை வைக்கணும்கிறதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் டேப் வெச்சுக் கூட்டிக் கழிச்சா எங்கயாவது தப்பும். அதனால அந்தத் தூரத்துக்குச் சரியா ரெண்டு கட்டை அறுத்து, மஞ்சள் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கோம். கோட்டுல கட்டையை வை, கட்டையில குழாயை ஒட்டு, இறுக்கு. முடிஞ்சது. அப்பத்தாவுக்கு எண் படிக்கத் தெரியாது. "சோறு போடுமா"ன்னு கேட்ட அதே அப்பத்தாதான். அவங்கதான் இப்போ குழாய் வைக்கிறாங்க. அதுக்குக் கூலியும் வாங்குறாங்க. அறுத்து முடிச்சதும் மூலைக்கு மூலை ரெண்டு குறுக்கையும் கயித்தால அளந்து பார்ப்பாங்க. ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா எங்களை விட மாட்டாங்க.

ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். முதல் மேசையைப் பட்டறைக்குள்ளேயே வெச்சுப் பசை போட்டு ஒட்டிட்டோம். வாசல் மூணடி. இடத்துக்காரர் காலி பண்ணச் சொன்னா மேசையை உள்ளேயே விட்டுட்டு வரணும்! அதனால ரெண்டாம் தடவை எல்லா இணைப்பும் போல்ட். நாலு போல்ட்டைக் கழட்டினா கால் தனி, சட்டம் தனி.

செலவு கேப்பீங்க. மரம் 8,200. பைன் ரீப்பர் 900. கிளாம்ப் ஆறு, போல்ட் எல்லாம் சேர்த்து 2,700. அலுமினியக் குழாய், உருளை 1,600. நாங்க கெடுத்த பிளேடுக்குப் பதில் புதுசு 1,100. ஆசாரி கூலி 3,000. அவர் வேண்டாம்னார், நாங்க கட்டாயமா கொடுத்தோம். நம்ம உழைப்புக்கு ஒருத்தர் கூலி குடுக்கலைன்னா நமக்கு எப்படி இருக்கும்? மொத்தம் 17,500. வெட்டி எறிஞ்ச முதல் மேசைக் கட்டையும் வேலை நாளும் இதுல சேரலை, அது எங்க படிப்புச் செலவு.

பலகை வாங்கறப்போ ஒண்ணு பாருங்க. ஓரத்துல ஐ.எஸ். 303, எம்.ஆர். ரகம்னு இருந்தா வீட்டுக்குள்ள காஞ்ச இடத்துக்கு. தண்ணி படுற சமையல் மேடைக்குக் கீழ வைக்கிறதுன்னா ஐ.எஸ். 710 இருக்கணும். விலை கூடத்தான். ஆனா தொட்டி ஒழுகி அலமாரி ஊதிப்போனா திட்டு வாங்கறது நாமதான், கடைக்காரர் இல்லை. கனத்தையும் அளந்து வாங்குங்க. சொல்ற கனம் வேற, வர்ற கனம் வேறயா இருக்கிற பலகை நிறைய வருது.

மதினி எப்போ வந்தாங்கன்னு கேக்கறீங்க, முகத்துல தெரியுது. அவங்க அறுக்க வரலை. ஒரு நாள் சேமிப்புப் பணம் கொடுக்க வந்தவங்க வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. நான் ஒண்ணும் கூப்பிடலை. கூப்பிட்டா போயிடுவாங்கன்னு பயம். மறுவாரம் வந்து ரீப்பர் மேல கையை வெச்சு அழுத்திப் பார்த்தாங்க. அறுத்து முடிச்ச பலகையோட வாயில விரலை விட்டுப் பார்த்தாங்க, மூடுதான்னு. அதுக்கு அடுத்த வாரம் அண்ணனையும் கூட்டிட்டு வந்தாங்க. அண்ணன் குனிஞ்சு கீழ பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், "நான் ஒரு தடவை ஏத்திப் பார்க்கட்டுமா"ன்னு கேட்டார். ஏத்தினார். ஒண்ணும் பேசலை. மதினி முந்தானையைச் சொருகிக்கிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு, கண்ணாடி கேட்டாங்க. மெஷினை ஓட விட்டுட்டு உடனே நிறுத்திட்டாங்க. கை நடுங்குது. கீழ வெச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த நாள் காலையில நான் போறப்போ பட்டறை திறந்திருந்தது. மதினி எட்டடியும் ஒரே மூச்சுல அறுத்து வெச்சுட்டு, வெட்டினதை அப்பத்தா அளந்துக்கிட்டு இருந்தாங்க. "குறுக்கு சரியா இருக்கு, போ"ன்னாங்க அப்பத்தா.

இன்னைக்கு மதினி விழாவுக்கு வரலை, பட்டறையில இருக்காங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புத்தக அடுக்கு செய்யறோம். உங்க குழுவுல யாராவது இந்த மாதிரி மேசை செய்யணும்னா சனிக்கிழமை வாங்க, அளவு எடுத்துக்கலாம். ஆனா எங்க 29 அங்குலத்தை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. உங்க ஆளுங்களைச் சுவத்தோரம் நிக்க வெச்சு, உங்க மணிக்கட்டு எங்க வருதுன்னு நீங்களே கோடு போடுங்க. கொக்கி உயரம் அதுக்குத் தகுந்த மாதிரி மாறும், செங்கல் வெச்சுப் பார்த்துக்கோங்க.

நாளைக்கு வெள்ளனே 14 ஷீட் இறங்குது. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்.